பற்றரி இல்லாத வானொலி



2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்து போன நாட்களை மலையகத்தில் உள்ளவர்கள் எளிதில் மறக்க மாட்டீர்கள். மண்சரிவால் பாதைகள் மூடுண்டன. பல இடங்களில் மின்சாரம் நின்றது. தொலைபேசியும் ஓய்ந்துவிட்டது. பக்கத்துத் தோட்டத்தில் என்ன நடந்தது என்பதுகூட நமக்குத் தெரியாமல் இருந்தது.

அதன் பிறகு ஒரு நாள், ஹட்டன் பக்கத்தில் என்னிடம் ஓத வரும் 13 வயது மாணவன் ஒருவன் கேட்டான்: "ஹஸ்ரத், கரண்டும் பற்றரியும் இல்லாமல் பேசுகிற ரேடியோ இருக்கா?"

"முன்பு இருந்தது மகன். அதெல்லாம் இப்போது எதற்கு? பாடத்தைப் பார்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அவன் விடவில்லை. பழைய புத்தகம் ஒன்றைப் பார்த்து, பிஸ்கட் பெட்டிக்குள் கம்பிச் சுருளும் இன்னும் இரண்டொரு பொருட்களும் வைத்து, ஒரு வாரத்தில் தானே செய்து கொண்டு வந்தான். காதில் வைத்தால் ஒரு சத்தமும் இல்லை. மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். உண்மையைச் சொன்னால், நானும் சிரித்தேன். அவன் பெட்டியைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு போனதைப் பார்த்த பிறகுதான் என் மனம் சுட்டது. ஏனென்றால் என் வாப்பா பஸாரில் ரேடியோ திருத்துபவராக இருந்தவர். பேசாத பெட்டியைத் திறந்து, ஏன் பேசவில்லை என்று தேடுவதுதான் அவருடைய தொழில். அவர் பிள்ளை நான், தேடாமல் சிரித்துவிட்டேன்.

அடுத்த நாள் அவனை அழைத்து, இருவருமாக அந்தப் பெட்டியைத் திறந்தோம். அங்கே கண்டதை உங்களுக்கும் சொல்கிறேன். வீட்டில் ஆர்வமுள்ள பிள்ளை இருந்தால் பயன்படும்.

முதலில், வானொலி அலையைக் கண்டுபிடிக்கும் கருவி என்ன வேலை செய்கிறது? மத்திய அலை நிலையம் ஒன்றின் அலை செக்கனுக்கு பல லட்சம் தடவை முன்னும் பின்னும் ஆடுகிறது. பேசுபவரின் குரலுக்கு ஏற்ப அந்த ஆட்டத்தின் பலம் கூடிக் குறைகிறது. இதை அப்படியே காதொலிக்கருவிக்குக் கொடுத்தால் அதன் தகடு அசையாது. முன்னே தள்ளியதை மறுகணமே பின்னே இழுத்துவிடுகிறதே! ஆகவே ஒரு பக்கம் மட்டும் போக விட்டு, மறுபக்கத்தைத் தடுக்க ஒரு பொருள் வேண்டும். சைக்கிள் ரியூபின் வால்வைப் பாருங்கள். காற்றை உள்ளே விடும், வெளியே விடாது. மின்சாரத்துக்கு அப்படிப்பட்ட வால்வுதான் டயோட். தடுத்த பின் மிஞ்சுவது குரலின் ஏற்ற இறக்கம் மட்டுமே. அதைத்தான் காது கேட்கிறது. இதற்கான சக்தி முழுவதும் அலையிலிருந்தே வருகிறது, அதனால்தான் பற்றரி தேவைப்படவில்லை.

இதற்கு வழி கண்டவர்களில் நம் பக்கத்தவரும் உண்டு. கல்கத்தாவின் ஜகதீஷ் சந்திர போஸ், கலீனா என்னும் ஈயக் கல்லைக் கொண்டு அலையைக் கண்டறியும் கருவிக்கு 1904இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். அந்தக் கல்லின் மேல் மெல்லிய கம்பியின் முனையைத் தொட வைத்துக் கேட்டதுதான் பிற்காலத்து 'கிறிஸ்டல் செட்'. கொழும்பில் எட்வர்ட் ஹார்ப்பர் 1923இல் சோதனை ஒலிபரப்பு நடத்தி, 1925 டிசம்பர் 16இல் கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கிய காலத்தில், உலகெங்கும் பல வீடுகளில் இருந்தது இந்தக் கிறிஸ்டல் செட்தான். 1944இல் இத்தாலியின் அன்சியோ போர்முனையில் இருந்த படைவீரர்கள், கல்லுக்குப் பதிலாகச் சவர பிளேடையும் பென்சில் கரியையும் வைத்தே வானொலி கேட்டார்கள்.

இனி, செய்யும் முறை. 5 சென்ரிமீற்றர் விட்டமுள்ள அட்டைக் குழாய் அல்லது பிளாஸ்டிக் குழாய் ஒன்றில், அரை மில்லிமீற்றர் தடிப்புள்ள எனாமல் பூசிய செப்புக் கம்பியை 80 சுற்று நெருக்கமாகச் சுற்றுங்கள். சுமார் 13 மீற்றர் கம்பி செல்லும். இரு முனைகளிலும் எனாமலைச் சுரண்டிவிட வேண்டும். சுரண்டாவிட்டால் மின் தொடர்பு கிடைக்காது. பழைய வால்வு ரேடியோவில் இருக்கும் 365 பிக்கோ ஃபரட் கேங் கண்டென்சரைச் சுருளின் இரு முனைகளுக்கும் குறுக்கே இணையுங்கள். நிலையத்தைத் தேடித் திருப்புவது இதைத்தான். சுருளின் ஒரு முனையில் ஏரியல் கம்பியையும் டயோட்டையும் சேருங்கள். டயோட்டின் மறுமுனை காதொலிக்கருவிக்குப் போகட்டும். காதொலிக்கருவியின் மற்றக் கம்பி சுருளின் அடுத்த முனைக்கு வர வேண்டும். அந்த முனையிலேயே நிலக் கம்பியும் சேரும். ஈர மண்ணில் அடித்த இரும்புக் கம்பி நிலத்துக்குப் போதும். வீட்டு மின்சாரப் பிளக்கைத் தொடவே கூடாது. ஏரியலுக்கு 15 முதல் 20 மீற்றர் வரை உறையிட்ட கம்பி வேண்டும். மின்சாரக் கம்பிகளுக்கு அருகில் அது போகக் கூடாது.

எங்கள் மாணவன் இவ்வளவும் சரியாகவே செய்திருந்தான். பிழை இரண்டு இடத்தில் இருந்தது. பழுதான சார்ஜர் ஒன்றில் கழற்றிய கறுப்பு டயோட்டைப் போட்டிருந்தான். அது சிலிக்கன். கதவு திறக்கவே ஏறத்தாழ 0.6 வோல்ட் கேட்கும். ஏரியலில் வரும் அலைக்கு அவ்வளவு பலம் ஏது? 0.2 வோல்ட் அளவிலேயே திறக்கும் ஜெர்மேனியம் டயோட்தான் இதற்கு ஏற்றது. இரண்டாவது, கைத்தொலைபேசிக்குப் போடும் காதொலிக்கருவியை மாட்டியிருந்தான். அது இந்தச் சிறு மின்சாரத்துக்கு அசையாது. கிறிஸ்டல் இயர்போன் என்று கேட்டு வாங்கி, அதன் இரு கம்பிகளுக்கும் குறுக்கே 47 கிலோ ஓம் தடை ஒன்றை இணைக்க வேண்டும்.

ஜெர்மேனியம் டயோட்டுக்கு எங்கே போவது? அவனுடைய கூட்டாளி, மேல் லயத்துப் பிள்ளை, தாத்தாவின் பழைய ட்ரான்சிஸ்டர் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வந்தான். "தாத்தா தரச் சொன்னாருங்க. இனி அது பாடாதாம்." அதற்குள் கண்ணாடி உடலோடு சிறிய டயோட் ஒன்று இருந்தது. கண்ணாடி உடல் உள்ளதெல்லாம் ஜெர்மேனியம் அல்ல. ஓஏ 79, ஒன் என் 34 போன்ற இலக்கங்களைப் பார்த்து எடுக்க வேண்டும்.

இரவு ஒன்பது மணிக்கு மூவரும் உட்கார்ந்தோம். முதலில் ஒன்றுமில்லை. வெளிவரும் கம்பிகளைச் சிறு ஸ்பீக்கர் ஒன்றின் உள்வாயிலில் கொடுத்துக் கண்டென்சரை மெதுவாகத் திருப்பினோம். கடுகு பொரிவதுபோல ஒரு இரைச்சல். அதற்குள்ளே ஆண் குரல் ஒன்று, மங்கலாக. என்ன மொழி என்றே விளங்கவில்லை. ஆனாலும் பிள்ளைகள் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள்.

இங்கே ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். இந்தக் கருவி மத்திய அலைக்கே உரியது. இன்று நாம் கேட்கும் நிலையங்களில் பெரும்பாலானவை எஃப்.எம். வரிசையில் உள்ளவை. மத்திய அலை நிலையம் அருகில் இல்லாத மலைப்பகுதியில், தூரத்து அலை வானத்தில் பட்டுத் திரும்பும் இரவு நேரத்தில்தான் ஏதாவது அகப்படும். ஆகவே புயல் நாளில் இது நம்மைக் காப்பாற்றும் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த மாணவனுக்கும் அதையே சொன்னேன். அதற்கு வீட்டில் சிறிய பற்றரி ரேடியோ ஒன்றும், பிரிக்காத பற்றரிகளும் இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதைப் போட்டுப் பார்க்கவும் வேண்டும்.

இன்னொன்று, மிக முக்கியமானது. மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகலில் நம் மலைகளில் இடி மின்னல் அதிகம். உயரக் கட்டிய ஏரியல் கம்பி மின்னலை வீட்டுக்குள் அழைத்து வரலாம். கேட்டு முடிந்தவுடன் கம்பியைக் கழற்றி வெளியே போட்டுவிடுங்கள். சாதாரண ரேடியோவில் மத்திய அலையை வைத்து, நிலையம் இல்லாத இடத்தில் முள்ளை நிறுத்தினால், ஒவ்வொரு மின்னலுக்கும் 'படக்' என்று வெடிக்கும். அந்த வெடிப்பு நெருங்கி நெருங்கி வந்தால், கொழுந்து மலையில் நிற்பவர்கள் இறங்கி வர நேரமாகிவிட்டது என்று அறிந்துகொள்ளலாம். முழங்கிய பிறகு ஏரியலில் கை வைக்கவே கூடாது.

உங்கள் பிள்ளையும் ஒரு நாள் பேசாத பெட்டியோடு வந்து நிற்கலாம். சிரிக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, டயோட் எது, இயர்போன் எது, கம்பி முனையைச் சுரண்டினாயா என்று கேளுங்கள். பழைய 1.5 வோல்ட் பற்றரி ஒன்றை இயர்போனின் கம்பிகளில் தொட்டுத் தொட்டு எடுத்தால் 'டிக்' என்று கேட்க வேண்டும். கேட்டால் இயர்போன் நல்லது, பிழை வேறு இடத்தில் இருக்கிறது. அங்கிருந்து இருவரும் தேடத் தொடங்கலாம்.