வழக்கில் சிக்கிப் பிழைத்த படம்

தமிழகத்தின் முதல் மௌனப் படமான ‘கீசக வதம்’ வெளிவந்த ஆண்டு 1916 என்பவர்கள் உண்டு. 1917 என்பவர்களும், 1918 என்பவர்களும் உண்டு. மோட்டார் உதிரிபாக வியாபாரியான ஆர்.நடராஜ முதலியார், புனேயில் ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற ஒளிப்பதிவாளரிடம் தொழில் கற்று வந்து சென்னையில் எடுத்த படம் அது. இந்த ஆண்டுச் சர்ச்சையில் நானும் ஒரு கட்சி சேர்ந்து வாதாடியிருக்கிறேன். இப்போது என்னை அரிப்பது வேறு கேள்வி. அந்தப் படத்தின் ஒரு சுருள்கூட மிஞ்சாமல் போனது எப்படி?

எங்கள் துறையில் உடனே வரும் பதில், நைட்ரேட். அக்காலச் சுருள் எளிதில் தீப்பிடிக்கும்; தீப்பிடிக்காவிட்டாலும் மெல்ல அழுகும். சுருள் பாதுகாப்பு வேலையில் சேர்ந்த புதிதில், துருவேறிய டப்பா ஒன்றை நெம்பித் திறந்தேன். உள்ளே படச்சுருள் அடுக்கடுக்காக ஒட்டி, கசிந்த வெல்லம்போல் இறுகியிருந்தது. ஓரத்தில் விரல் பட்டதும் பழுப்புத் தூள் உதிர்ந்தது. என்ன படம் என்று அடையாளம் காண ஒரு பிரேம்கூடத் தேறவில்லை. அன்று வீட்டுக்குப் போய் எனக்குச் சாப்பிடப் பிடிக்கவில்லை.

ஆனாலும் பழியை முழுக்க ரசாயனத்தின் மீது போட எனக்கு மனம் ஒப்பவில்லை. 1895இல் லூமியேர் சகோதரர்கள் பாரிஸில் திரையிட்ட படங்களும் நைட்ரேட்தான். அவற்றை இன்றும் பார்க்கிறோம். இங்கே ஓடித் தேய்ந்த பிரதிக்கு அதிலிருந்த வெள்ளிதான் விலை. எடைக்குப் போட்டவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். 1905இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவியும் சுருள்களும் வாங்கி ஊர் ஊராகக் கூடாரம் அடித்த சாமிக்கண்ணு வின்சென்ட் போன்றவர்களுக்கு அது பிழைப்பு. பழையதைக் காப்பது அவர்கள் கடமையாக இருக்கவில்லை. அது யார் கடமையாகவும் இருக்கவில்லை என்பதே என் ஆதங்கம். புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1964இல்தான் வந்தது.

தப்பிய படத்தின் கதையும் இதையே சொல்கிறது. சி.வி.ராமன் பிள்ளையின் மலையாள நாவலைத் தழுவி, பி.வி.ராவ் இயக்கிய ‘மார்த்தாண்ட வர்மா’ 1933இல் திருவனந்தபுரத்தில் வெளியானது. நாவலின் உரிமை பெற்றிருந்த பதிப்பகம் வழக்குப் போட, படம் சில நாட்களிலேயே நின்றது. பிரதி பதிப்பகத்தாரிடம் போய்ச் சேர்ந்தது. ஓடவில்லை, ஆகவே தேயவில்லை. 1974இல் காப்பகம் அதை மீட்டது. தென்னிந்திய மௌனப் படங்களில் இன்று பார்க்கக் கிடைப்பது அநேகமாக இது ஒன்றுதான்.

தொலைந்ததைத் தேடும் பணத்தில், புளிப்பு வாடை அடிக்கத் தொடங்கிவிட்ட ஐம்பது, அறுபதுகளின் படங்களைக் காப்பாற்றலாமே என்கிறார்கள் சக பணியாளர்கள். பெரும்பாலும் அவர்கள் சொல்வது சரி. பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் நானும் அதற்கே கொடுப்பேன். ஆனால், மார்த்தாண்ட வர்மா கிடைத்தது சினிமாக்காரர்களின் கிடங்கில் அல்ல, புத்தக வியாபாரிகளிடம். நீதிமன்றப் பதிவறைகளையும் பழைய அச்சகங்களையும் தேடிப் பார்க்கப் பெரிய தொகை வேண்டியதில்லை, ஆள் வேண்டும்.

புதிதாக அச்சாகும் நூலைக் கன்னிமாரா உள்ளிட்ட நூலகங்களுக்குப் பதிப்பாளர் அனுப்பியாக வேண்டும் என்று 1954 முதல் சட்டம் இருக்கிறது. திரைப்படத்துக்கு அப்படியொரு கட்டாயம் இன்றும் இல்லை. படம் எடுப்பவருக்குச் செலவு கூடும் என்ற ஆட்சேபம் நியாயமானது. பிரதிக்கான செலவை அரசு ஏற்கட்டும். சட்டத்தை இந்தத் தலைமுறையிலேயே கொண்டுவர வேண்டும்.