சான்றிதழும் மனநிறைவும்

அலுவலகப் பணியாளர் ஒருவர், பணிநாளில் தாம் விழித்திருக்கும் பொழுதில் ஏறத்தாழப் பாதியை அலுவலகச் சுவர்களுக்குள்ளேயே கழிக்கிறார். அவர் மூச்சுவிடும் காற்றும், கண் காணும் ஒளியும், செவி கேட்கும் ஒலியும், உடல் உணரும் வெப்பமும் அக்கட்டடம் தருவனவே. இந்நான்கின் தன்மையையே உட்புறச் சூழல் தரம் என்கிறோம். பசுமைக் கட்டடங்களை மதிப்பிடுவோர், மின்சாரத்தையும் நீரையும் அளப்பதோடு நில்லாமல், உள்ளிருப்போரின் மனநிறைவையும் அளத்தல் வேண்டும் என்பதே என் கருத்து.

ஐதராபாத்தில் உள்ள சொராப்ஜி கோத்ரெஜ் பசுமை வணிக மையம், அமெரிக்காவிற்கு வெளியே 'லீட்' தரமதிப்பீட்டில் பிளாட்டினம் தகுதி பெற்ற முதல் கட்டடமாகும். 2004ஆம் ஆண்டில் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அதனைத் திறந்துவைத்தார். நடுவே முற்றம், காற்றைக் குளிர்வித்து உள்ளே அனுப்பும் காற்றுக் கோபுரங்கள், கூரைமேல் தோட்டம் எனச் சிக்கனமும் நலமும் இசைந்து வருமாறு அது வடிவமைக்கப்பட்டது.

ஆயினும், சான்றிதழ் பெற்ற கட்டடங்கள் யாவும் உள்ளிருப்போர்க்கு மனநிறைவு தருகின்றனவா? அல்டமான்ட்டே, ஷியாவோன் என்னும் ஆய்வாளர்கள் 144 கட்டடங்களில் இருந்த 21,477 பேரின் கருத்துகளை ஆராய்ந்து, 2013இல் முடிவுகளை வெளியிட்டனர். அவற்றுள் 65 கட்டடங்கள் லீட் சான்று பெற்றவை. சான்று பெற்றவற்றிற்கும் பெறாதவற்றிற்கும் இடையே, மனநிறைவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

இதன் காரணத்தை உணர்வது அரிதன்று. பகலொளி பரவவேண்டும் எனத் தடுப்புகளைத் தாழ்த்துகிறோம். ஒளியோடு அடுத்தவர் பேச்சும் உடன் வந்து கவனத்தைக் கலைக்கிறது. சாளரங்களை அடைத்துவிட்டுக் கூடம் முழுமைக்கும் ஒரே வெப்பநிலையை வகுக்கிறோம். ஒருவர் குளிரில் நடுங்க, மற்றொருவர் புழுக்கத்தில் வாடுகிறார்.

பணியாளரின் நலத்தை நாடினால் மின்செலவு பெருகும் என்பர் சிலர். அக்கூற்று முற்றிலும் பொருந்தாது. சாளரத்தைத் திறக்கவும் மின்விசிறியைச் சுழற்றவும் உரிமை பெற்றவர், சற்று மிகுந்த வெப்பத்தையும் இயல்பாக ஏற்றுக்கொள்கிறார். இவ்வுண்மையின் அடிப்படையில், அகமதாபாத்தின் செப்ட் பல்கலைக்கழகத்தார் இந்தியத் தட்பவெப்பத்திற்கேற்ற வெப்ப இசைவு மாதிரியை உருவாக்கினர். 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பிலும் அஃது இடம்பெற்றுள்ளது. எனவே, மனிதர்க்கு உரிமை தருவதும் மின்சாரத்தைச் சேமிப்பதும் ஒன்றற்கொன்று பகையல்ல.

ஆகவே, கட்டடத்தில் பணி தொடங்கி ஓராண்டு கழிந்தபின் பணியாளரிடம் கருத்துக் கேட்டு, அதன் பின்னரே சான்றிதழை உறுதிசெய்தல் வேண்டும். குறைகள் தெரியவரின் அவற்றைக் களைதலும் வேண்டும். உணவின் சுவையை உண்டவரே உரைக்கவேண்டும். கட்டடத்தின் தரத்தை அதனுள் உழைப்பவரே உரைக்கவேண்டும்.