ஒற்றை அலகே போதும்

மயிரை அறுக்கும் அலகு தோலை ஏன் அறுப்பதில்லை? அலகுக்குப் பாரபட்சம் கிடையாது. தோல் நெகிழ்ந்து விலகிவிடுகிறது, வேரூன்றி நிற்கும் மயிருக்கு அந்த வசதியில்லை. நீரில் ஊறிய மயிர் மென்மையாகி, குறைந்த விசையிலேயே அறுபடுகிறது. அலகைப் பக்கவாட்டில் இழுத்தாலோ தோலும் தப்பாது.

1904இல் ஜில்லெட் காப்புரிமை பெற்ற கருவியில் ஒற்றை அலகின் விளிம்பு மட்டுமே எட்டிப்பார்த்தது. அதுவே போதுமானது. பிறகு 1971இல் இரண்டு, 1998இல் மூன்று, 2006இல் ஐந்து என அலகுகள் பெருகின (இராவணன் தலைகளை எட்டவும் கூடும்!). முதல் அலகு மயிரை இழுக்க, அது உள்வாங்குமுன் அடுத்தது அறுக்கும் என்பது சொல்லப்பட்ட தத்துவம். அறுபட்ட முனை தோலுக்கடியில் ஒளிகிறது. சுருள்தாடிக்காரருக்கோ அது உள்ளேயே வளைந்து வளர்ந்து கொப்புளமாகிறது. அவர்களிடமும் 'மழமழப்பு' என்று இதையே விற்பது அநியாயம்.

எஃகைவிட ஐம்பது மடங்கு மென்மையான மயிர் அலகின் நுனியைச் சில்லுச் சில்லாகப் பெயர்ப்பதை 2020இல் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் காட்டினர். ஆகவே எந்த அலகையும் மாற்றத்தான் வேண்டும். மலிவான ஒற்றை அலகென்றால் மனம் நோகாமல் எறியலாம். வாங்கும்போது காப்புத்தகட்டுக்கும் அலகுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். புதியவர்களுக்குக் குறுகியதே நல்லது.