பேராக் அணி எங்கே போனது? 100 ஆண்டு கடந்த காற்பந்துக் குழு லீக்கில் காணாமல் போன கதை

2025-26 மலேசிய சூப்பர் லீக் பட்டியலைப் பார்த்தீர்களா? மொத்தம் 13 அணிகள். குடிநுழைவுத் துறை அணி இருக்கிறது. புருணையிலிருந்து டிபிஎம்எம் வந்திருக்கிறது. பேராக் மட்டும் இல்லை. கெடாவும் ஸ்ரீ பகாங்கும்கூட இல்லைதான். ஆனால் நீங்க ஈப்போக்காரர் என்றால், மஞ்சள் கறுப்பு ஜெர்சி இல்லாத லீக்கை ஜீரணிப்பது கொஞ்சம் கஷ்டம்.

பேராக்கில் காற்பந்துச் சங்கம் தொடங்கியது 1921-இல். மலேசியக் கிண்ணத்தை இந்த மாநிலம் 8 முறை வென்றிருக்கிறது: 1926, 1931, 1957, 1967, 1970, 1998, 2000, 2018. இடையில் 28 ஆண்டு வறட்சி இருப்பதைக் கவனியுங்கள். அதை 1998-இல் முடித்துவைத்த பயிற்றுநர் ஜெர்மானியர் கார்ல் ஹைன்ஸ் வைகாங். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்குக்கு மலேசியாவைத் தகுதி பெற வைத்தவரும் அவர்தான். ('ஓலா போலா' படம் பார்த்தவர்களுக்கு அந்தக் கதை தெரிந்திருக்கும், தகுதி பெற்றும் நாம் போகவில்லை.)

கடைசி வெற்றி 2018 அக்டோபர் 27, ஷா ஆலம். திரங்கானுவுடன் 3-3 சமநிலை, பிறகு பெனால்டியில் 4-1. அந்த அணியில் ஜே. பார்த்திபனும் இருந்தார். அதே ஆண்டு லீக்கில் இரண்டாமிடம். அதற்குப் பிறகு மூன்றே ஆண்டுகள். 2021-இல், சங்கம் நூறு வயதைத் தொட்ட அதே ஆண்டில், அணி சூப்பர் லீக்கிலிருந்து கீழே இறங்கியது.

தோட்டத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

நிறையவே இருக்கு. நாட்டின் மிகப் பழைய ரப்பர் மரங்களில் ஒன்று இன்றும் கோலகங்சாரில் நிற்கிறது. அங்கிருந்து சுங்கை சிப்பூட் வரை, தெற்கே தெலுக் இந்தான் பக்கம் வரை, கித்தா மரம் வெட்டிய குடும்பங்கள் லயங்களில் வாழ்ந்தன. கோயில், தமிழ்ப்பள்ளி, கள்ளுக்கடை, அதோடு ஒரு பாடாங். காலையில் மரம் வெட்டு, சாயங்காலம் பந்து. உங்கள் தாத்தாவிடம் கேட்டால், எந்தத் தோட்டம் எந்தத் தோட்டத்தை எத்தனை கோலில் தோற்கடித்தது என்று இன்னமும் சொல்வார்; கொஞ்சம் கூட்டிச் சொல்வார், அது வேறு விஷயம்.

மாநில அணிகளுக்குத் தமிழ் ஆட்டக்காரர்கள் வந்து சேர்ந்ததில் இந்தத் திடல்களுக்குப் பெரிய பங்கு உண்டு. பேராக்குக்கு ஆடி, பிறகு பயிற்றுநராகி, 2011-இல் கிளந்தானைச் சூப்பர் லீக் வெற்றியாளர் ஆக்கிய எம். கராத்துவைப் பழைய ரசிகர்கள் மறக்க மாட்டார்கள்.

ஆனால் அந்தப் பாடாங் ஆடியவர்களுக்குச் சொந்தமில்லை. கம்பெனிக்குச் சொந்தம். சுதந்திரத்தை ஒட்டிய காலத்தில் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோதே இந்த ஆபத்து தெரிந்தது. 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் அதைத் தடுக்கத்தான் முயன்றது. பிறகு ரப்பர் போய் செம்பனை வந்தது, சில இடங்களில் வீடமைப்புத் திட்டம் வந்தது. மக்கள் பட்டணத்துக்குப் போனார்கள். திடலைத் தூக்கிக்கொண்டு போக முடியாதே.

சரி, பேராக் அணிக்கு என்னதான் ஆச்சு?

நேரடியாகச் சொன்னால் காசு. பல ஆண்டுகளாக மாநில அணிகள் மாநில அரசின் தயவில் ஓடின. மந்திரி புசாரே சங்கத் தலைவராக இருப்பது சாதாரணம். டிக்கெட் விற்று வரும் பணம் ஆட்டக்காரர்களின் சம்பளத்துக்குக் காணாது. 2021 பருவத்திலிருந்து அணிகள் சங்கத்திலிருந்து பிரிந்து, தனி நிறுவனமாக இயங்க வேண்டும் என்றானது. நல்ல விதிதான். ஆனால் வருமானம் அப்படியே இருக்க, அரசுப் பணத்தை மட்டும் நகர்த்தினால் என்ன ஆகும்? சம்பளப் பாக்கி, அப்புறம் உரிமச் சிக்கல். இன்னொரு பக்கம் ஜோகூர் டாருல் தக்சிம் 2014 முதல் ஒவ்வொரு ஆண்டும் லீக்கைத் தூக்கிக்கொண்டு போகிறது. முடிவு முன்கூட்டியே தெரிந்த போட்டிக்கு ஸ்பான்சர் பிடிப்பது எவ்வளவு சிரமம் என்று யோசித்துப் பாருங்கள்.

பேராக் ஒரு தனியார் நிறுவனத்தின் கைக்குப் போனது. சூப்பர் லீக் விரிவாக்கப்பட்டதால் 2023-இல் மேலே திரும்பியது. 2025 நடுவில் அந்த நிறுவனமும் விலகியது. அணியும் லீக்கை விட்டுப் போனது. 40,000 பேருக்கு மேல் உட்காரக்கூடிய ஈப்போ ஸ்டேடியம் மட்டும் மிச்சம். 2018, 2019 ஆண்டுகளில் இதே மாநிலத்திலிருந்து பிகேஎன்பி எஃப்சியும் சேர்த்து இரண்டு சூப்பர் லீக் அணிகள் இருந்தன என்றால் இப்போது நம்புவீர்களா?

நம்ம ஆட்கள் நடத்திய அணியும் தப்பவில்லை. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கமான மிஃபாவின் அணிதான் பிறகு பெட்டாலிங் ஜெயா சிட்டி எஃப்சி ஆனது. 2019-இல் சூப்பர் லீக்குக்கு வந்து, பி. மணியம் பயிற்சியில் வெளிநாட்டு ஆட்டக்காரர்களே இல்லாமல் ஆடிக் காட்டியது. செலவைக் குறைக்க அதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரிந்து இல்லை. அப்படியும் 2022 பருவத்தோடு விலகிவிட்டது.

திரும்பி வர வழி இருக்கா?

இருக்கு. மலாக்காவைப் பாருங்கள். மலாக்கா யுனைடெட் 2023-க்கு உரிமம் கிடைக்காமல் வெளியேறியது. பிறகு மலாக்கா எஃப்சி என்ற புதிய அணி உருவாகி, கீழே உள்ள ஏ1 லீக்கில் ஆடி, 2025-26-இல் சூப்பர் லீக்குக்குள் வந்துவிட்டது. பழைய கடனைச் சுமக்காமல் புதிதாகத் தொடங்குவதே அதன் பலம். பழைய அணியின் பாக்கிக்குக் காத்திருக்கும் ஆட்டக்காரர்களுக்கு அது நியாயமா என்பது வேறு கேள்வி. அதை எழுப்பாமல் விடக்கூடாது.

பேராக்கும் அந்த வழியில் போனால், நல்லபடியாக நடந்தாலே சில பருவங்கள் ஆகும். இப்போது சுங்கை சிப்பூட்டில் 17 வயதில் நன்றாக ஆடும் ஒரு பையனுக்கு அந்தச் சில பருவங்கள்தான் முக்கியமான காலம். அவன் சிலாங்கூருக்கோ ஜோகூருக்கோ தேர்வுக்குப் போக வேண்டும். பஸ் செலவு, தங்கும் செலவு எல்லாம் வீட்டுக் கணக்கில்.