பூட்டிய அலமாரியும் கேட்கப்படாத கேள்வியும்

புனித பேதுரு தம் முதல் திருமுகத்தின் மூன்றாம் அதிகாரத்தில் ஒரு கடமையை விதிக்கிறார். நம் எதிர்நோக்குக்குக் காரணம் யாதெனக் கேட்பவர்க்கு மறுமொழி கூற நாம் ஆயத்தமாய் இருக்க வேண்டும். அம்மறுமொழி பணிவும் மரியாதையும் உடையதாய் இருக்க வேண்டும். இக்கடமை யாருக்கு விதிக்கப்பட்டது? சின்ன ஆசியாவெங்கும் சிதறி வாழ்ந்த விசுவாசிகளுக்கு. வீட்டு வேலையாள்களும் மனைவியரும் கணவரும் அத்திருமுகத்தில் பெயர் சுட்டி அழைக்கப்படுகின்றனர். ஆனால் நாமோ அக்கடமையைக் குருமடத்து வாசலில் இறக்கி வைத்துவிட்டு, "சாமியாரைக் கேளுங்கள்" என்று கை கழுவிக் கொண்டோம்.

2005ஆம் ஆண்டுத் தவக்காலத்தில் பங்கு ஒன்றின் இளைஞர் கூட்டத்தில் நாமும் அமர்ந்திருந்தோம். ஆழிப்பேரலை வந்து போய் மூன்று மாதங்கூட ஆகவில்லை. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள், 2004 டிசம்பர் 26 அன்று, வேளாங்கண்ணிக் கடற்கரையில் திருப்பயணிகள் பலர் மாண்டு போயினர். பேராலயத்துக்குள் கடல்நீர் புகவில்லை என்பது அந்நாள்களில் எங்கும் புதுமையாகப் பேசப்பட்டது. கூட்டத்தை நடத்திய பெரியவரும் அதைச் சொல்லி அன்னையைப் போற்றினார். கல்லூரியில் பயிலும் பெண்ணொருத்தி எழுந்தாள். "கோயிலைக் காப்பாற்றின மாதா, கோயிலுக்கு வந்தவங்களை ஏன் காப்பாற்றல, ஐயா?" என்று கேட்டாள். அவர் முகம் சுருங்கிற்று. "இப்படியெல்லாம் கேட்கக் கூடாதம்மா. இது சோதனை. வீட்டுக்குப் போய்ச் செபமாலை சொல்" என்றார். அவள் அமர்ந்தாள். அடுத்த கூட்டத்திற்கு வரவில்லை. அதன் பிறகும் வரவில்லை.

அவரைக் குறை கூற நமக்கு உரிமை இல்லை. அன்று நாமும் வாய் திறக்கவில்லை. சொல்ல நம்மிடம் ஒன்றுமில்லை என்பதே உண்மை. அந்த வெட்கத்திலிருந்தே நாம் வாசிக்கத் தொடங்கினோம். அந்த வாசிப்பில் தேறிய சில நூல்களை இங்கே முன்வைக்கிறோம். எனினும் நூல்களின் பெயரைக் காட்டிலும் அவற்றைத் தெரிந்தெடுத்த நெறியே நமக்கு முக்கியம். அந்நெறி இதுதான்: எதிர்ப்பவனின் குரலை முழு வலிமையோடு ஒலிக்க விடாத நூல் எதுவாயினும், அது விசுவாசத்தைக் காக்கும் நூல் ஆகாது.

நம் பங்குகளில் விற்கப்படும் வினா விடைச் சிற்றேடுகளைப் புரட்டிப் பாருங்கள். அவற்றில் வரும் நாத்திகன் மூடன். இரண்டு வரியில் ஒரு கேள்வி கேட்பான். அரைப்பக்கத்தில் வாயடைத்துப் போவான். இன்று அதே நாத்திகன் கைப்பேசியில் ஓடும் சிறு காணொலிகளிலும் வந்து, அதே போலத் தோற்றுப் போகிறான். வைக்கோலால் செய்த எதிரியோடு போரிட்டுப் பழகிய பிள்ளை, கல்லூரி விடுதியில் மெய்யான எதிரியைச் சந்திக்கும் முதல் இரவிலேயே வாளைக் கீழே போட்டுவிடுகிறது. பின்னர், பிள்ளை விசுவாசத்தை இழந்தது என்று அழுகிறோம். பிள்ளை இழந்தது விசுவாசத்தையன்று. நாம் கொடுத்தனுப்பிய வைக்கோலையே.

நம் பட்டியலின் முதல் நூல் விவிலியத்திலேயே இருக்கிறது. யோபு நூலை நாம் பொறுமைக்கு எடுத்துக்காட்டாக மட்டுமே வாசித்துப் பழகிவிட்டோம். அந்நூலின் பெரும்பகுதி பொறுமையின் பாட்டன்று, வழக்காட்டம். பிள்ளைகளையும் உடைமையையும் இழந்தவன் கடவுளையே வழக்குக்கு அழைக்கிறான். அவனுடைய நண்பர்கள் கடவுளுக்காக வாதாடுகிறார்கள்: நீ பாவம் செய்திருப்பாய், ஆகவே தண்டிக்கப்பட்டாய் என்கிறார்கள். இறுதி அதிகாரத்தில் கடவுள் யாரைக் கடிந்து கொள்கிறார்? தமக்காக வாதாடிய நண்பர்களை! தம்மைப் பற்றிச் சரியாகப் பேசியவன் தம்மோடு வழக்காடிய யோபுவே என்கிறார். கடவுளுக்காகப் பொய் வழக்காடுவது கடவுளுக்கே ஏற்புடையதன்று என்னும் இப்பாடத்தை ஒவ்வொரு மறைக்கல்வி ஆசிரியரும் மனப்பாடம் செய்ய வேண்டும். 2005இல் அப்பெண் கேட்டது யோபுவின் கேள்வி. அன்று நாம் யோபுவின் நண்பர்களாய் இருந்தோம்.

இரண்டாவது நூல் ஓரிஜன் எழுதியது. இரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செல்சுஸ் என்னும் கிரேக்க அறிஞர் கிறிஸ்தவத்தைத் தாக்கிக் கூர்மையான நூலொன்றை எழுதினார். ஆராயாதே, நம்பினால் போதும் என்று கிறிஸ்தவர்கள் பாமரரை ஏய்க்கிறார்கள் என்பது அவருடைய ஏளனங்களுள் ஒன்று. ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்குப் பின், 248ஆம் ஆண்டை ஒட்டி, ஓரிஜன் எட்டுப் பகுதிகளில் அதற்கு மறுப்பு எழுதினார். செல்சுஸின் சொற்களை வாக்கியம் வாக்கியமாக எடுத்தெழுதிய பின்பே அவர் மறுமொழி கூறுகிறார். விளைவு என்ன? செல்சுஸின் மூலநூல் அழிந்து போயிற்று. அதன் பெரும்பகுதியை இன்று நாம் அறிவது ஓரிஜனின் மறுப்பு நூல் வழியாகவே. எதிரியின் குரலை உலகிற்குக் காத்துக் கொடுத்தவர் ஒரு கிறிஸ்தவர். மறைக்கலாபனையில் சிறையும் சித்திரவதையும் கண்டவர். நம் அச்சத்தையும் அவருடைய துணிவையும் அருகருகே வைத்துப் பார்த்தால் நாண வேண்டியவர் யார்?

புனித தாமஸ் அக்குவினாஸ் 1265 முதல் 1273 வரை எழுதி, முடிக்காமலே விட்ட இறையியல் தொகுப்பு மூன்றாவது நூல். கடவுள் இருக்கிறார் என்பதற்கு அவர் காட்டிய ஐந்து வழிகளை நம் மேடைகளில் பலர் எண்ணிச் சொல்வார்கள். அவ்வைந்து வழிகளுக்கும் முன்னே அதே பக்கத்தில் நிற்கும் இரண்டு மறுப்புகளைச் சொல்பவர் அரியர். எல்லையற்ற நன்மை ஒன்று இருக்குமானால் தீமை எப்படி இருக்க முடியும் என்பது முதல் மறுப்பு. இயற்கையையும் மனித அறிவையும் கொண்டே அனைத்தையும் விளக்க முடியும்போது கடவுள் எதற்கு என்பது இரண்டாவது. இன்றைய நாத்திகர் எழுப்பும் வாதங்கள் பெரும்பாலும் இவ்விரண்டின் கிளைகளே. புனிதர் ஒவ்வொரு சிக்கலையும் மறுப்புகளிலிருந்தே தொடங்குகிறார். நாம் அவருடைய விடைகளைப் பாதுகாத்தோம். அவருடைய நேர்மையைத் தொலைத்துவிட்டோம்.

நான்காவதாகக் கர்தினால் நியூமனின் 'அப்போலோஜியா'. குருக்கள் உண்மையைப் பெரிதாக மதிப்பதில்லை என்று சார்லஸ் கிங்ஸ்லி அவர்மீது பழி சுமத்தினார். 1864இல் நியூமன் அதற்கு விடையாகத் தம் வாழ்வையே திறந்து வைத்தார்: தாம் எங்கே ஐயுற்றார், எங்கே தவறாக எண்ணினார், எவ்வாறு ஒவ்வோர் அடியாக 1845இல் கத்தோலிக்கத் திருச்சபைக்கு வந்து சேர்ந்தார் என்று. வாதத்தில் வெல்வதைக் காட்டிலும் உண்மையாய் இருப்பதே பெரிய சான்று என்பதை அந்நூல் காட்டுகிறது. 2019இல் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்திற்று.

ஐந்தாவதாக, கத்தோலிக்கர் அல்லாத ஒருவர். ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்த சி. எஸ். லூயிஸ், மனித வேதனையைப் பற்றி 1940இல் தெளிவான தருக்கத்தோடு ஒரு நூல் எழுதினார்: 'தி ப்ராப்ளம் ஆஃப் பெயின்'. இருபது ஆண்டுகளுக்குப் பின், 1960இல், அவருடைய மனைவி புற்றுநோயால் இறந்தார். 1961இல் வேறொரு பெயரில் அவர் வெளியிட்ட 'எ கிரீஃப் அப்சர்வ்ட்' என்னும் சிறு நூலில் அந்தத் தருக்கம் நொறுங்குவதையும், நொறுங்கிய இடத்திலேயே விசுவாசம் மெல்ல மூச்சு விடுவதையும் காண்கிறோம். இவ்விரண்டையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். முதல் நூலை மட்டும் வாசித்தவர் துக்க வீட்டிற்குச் சென்று பேசாதிருப்பது நலம்.

அறிவியலைப் பற்றியும் ஒரு சொல். கலிலேயோ என்ற பெயர் வந்தவுடன், அண்டத்தின் தோற்றம் பற்றிய கோட்பாட்டை வகுத்த லெமெய்த்தர் ஒரு குருவானவர் அன்றோ, மரபியலின் தந்தையான மெண்டல் ஒரு துறவி அன்றோ என்று சொல்லி நாம் தப்பிக் கொள்கிறோம். அவை உண்மையே, ஆனால் கேள்விக்கு விடை ஆகா. 1633இல் திருச்சபையின் தீர்ப்பு மன்றம் தவறிற்று. அவ்வழக்கில் இறையியலார் தவறியதைத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1992இல் வெளிப்படையாக ஒப்புக் கொண்டார். ஒப்புக் கொள்வதிலிருந்து தொடங்குவதே நம் வழி. லெமெய்த்தரும் தம் கோட்பாட்டைப் படைப்புக்குச் சான்றாக மேடையில் முழக்குவதை விரும்பியவர் அல்லர். அறிவியலின் எல்லையையும் விசுவாசத்தின் எல்லையையும் கலவாமல் காத்தவர். அவரை ஆயுதமாக்குகிறவர்கள் அவரை வாசிக்காதவர்களே.

இனி நம் மண்ணுக்கு வருவோம். 1606இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் இராபர்ட் தெ நோபிலி, பேசத் தொடங்குமுன் கேட்கவும் கற்கவும் முயன்றவர். தமிழையும் வடமொழியையும் பயின்று, இந்நாட்டார் எழுப்பும் கேள்விகளை இந்நாட்டார் சொற்களிலேயே எதிர்கொண்டார். அவரை வாசிக்க வேண்டும். வாசிக்கும்போதே, உயர்குலத்தாரை ஈர்ப்பதற்காக அவர் மேற்கொண்ட விலகி வாழும் முறை நம் திருச்சபையின் சாதிப் பிளவுக்கு எவ்வளவு இடம் கொடுத்தது என்னும் கேள்வியையும் மூடி மறைக்காமல் கேட்க வேண்டும்.

அவருக்குப் பக்கத்திலேயே, திடுக்கிட வேண்டாம், பகத்சிங்கை வைக்கிறோம். 1930இல் லாகூர்ச் சிறையிலிருந்து அவர் எழுதிய 'நான் நாத்திகன் ஏன்?' என்னும் கட்டுரையைத் தோழர் ஜீவானந்தம் 1930களிலேயே தமிழாக்கினார். அதற்காகக் கைதும் செய்யப்பட்டார். எல்லாம் வல்லவர் என்றால் குற்றத்தைச் செய்யுமுன்பே ஏன் தடுக்கவில்லை என்று தூக்கு மேடைக்குச் செல்லவிருந்த அந்த இளைஞர் கேட்கிறார். நம் பிள்ளைகளில் பலர் அதை ஏற்கெனவே வாசித்துவிட்டார்கள். வாசிக்காதவர்கள் பெற்றோராகிய நாம்தாம்.

நம் நாட்டில் விசுவாசத்திற்கு எதிரான மிக வலிய வாதம் எந்த நூலிலும் இல்லை. சாதி பார்த்துப் பிரித்து வைத்த கல்லறையில் இருக்கிறது. தேர் வராத தெருவில் இருக்கிறது. எல்லாரும் கிறிஸ்துவில் ஒன்று என்று ஞாயிறு மறையுரையில் கேட்டுவிட்டு வெளியே வரும் இளைஞன் அந்தச் சுவரைப் பார்க்கிறான். எந்த அக்குவினாஸைக் கொண்டு அவனுக்கு விடை சொல்வோம்? இந்திய ஆயர் பேரவை 2016 டிசம்பரில் தலித் மக்களின் ஆற்றல்படுத்தலுக்கான கொள்கை அறிக்கையை வெளியிட்டது. அதையும் நம் பட்டியலில் சேர்க்கிறோம். அது மறைவிளக்க நூல் அன்று என்பார் சிலர். சுவர் இருக்கும் வரை வேறு எந்த மறைவிளக்கமும் இங்கு செல்லுபடியாகாது என்பதே நம் மறுமொழி.

"இவற்றையெல்லாம் வாசித்தால் இருக்கும் விசுவாசமும் போய்விடாதா?" என்று நல்ல மனத்தோடு கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்குப் புனித அகுஸ்தினாரின் 'ஒப்புதல்கள்' நூலிலிருந்து ஒரு நிகழ்ச்சி. இளமையில் மனிக்கேயர் கூட்டத்தில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் இருந்த அவர், தம் ஐயங்களைக் கேட்கும்போதெல்லாம், பவுஸ்துஸ் வருவார், அவர் விளக்குவார் என்றே சொல்லப்பட்டார். பவுஸ்துஸ் வந்தார், இனிமையாகப் பேசினார், கேள்விக்கு மட்டும் விடை இல்லை. தமக்குத் தெரியாது என்று அவர் நாணயமாக ஒப்புக் கொண்டதை அகுஸ்தினார் மதிக்கிறார். ஆயினும் அந்தச் சமயத்தின்மீது அவர் கொண்டிருந்த பற்று அன்றே தளரத் தொடங்கிற்று. விடை சொல்லாத மனிக்கேயர்கள் இழந்த ஒரு மாணவர் பிற்காலத்தில் நம் திருச்சபையின் தூணானார். இன்று பவுஸ்துஸின் இருக்கையில் நாம் அமர்ந்திருக்கிறோம். நம்மை விட்டு எழுந்து போகும் அகுஸ்தினார்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தோமா?

ஆகவே, ஒரு வேண்டுகோள். பங்கு நூலகம் என்ற பெயரில் எத்தனையோ இடங்களில் ஓர் அலமாரி பூட்டிக் கிடக்கிறது. திறவுகோல் யாரிடம் என்று யாருக்கும் தெரியாது. அதைத் திறப்போம். அன்பியக் கூட்டங்களில் மாதம் ஒரு நாள், செபத்திற்குப் பின் அரைமணி நேரம், ஒரு நூலின் ஒரு பகுதியைச் சேர்ந்து வாசிப்போம். ஆங்கில நூலாயின், அறிந்தவர் அறியாதவர்க்குத் தமிழில் எடுத்துச் சொல்லட்டும். அக்கூட்டத்தில் ஒரே ஒரு விதி இருக்கட்டும்: கேள்வி கேட்பவரை யாரும் அமரச் சொல்லக் கூடாது. விடை தெரியாதபோது தெரியாது என்று சொல்வோம். அடுத்த மாதத்திற்குள் தேடி வருவோம்.

செபமாலையை நாம் கைவிடச் சொல்லவில்லை. அதைக் கையில் ஏந்தியபடியே அன்று அப்பெண்ணோடு அமர்ந்து யோபு நூலைத் திறந்திருக்கலாம். அவளுடைய கேள்விக்கு முழு விடை அந்நூலிலும் இல்லை. ஆனால் அவள் கேட்டதைக் கடவுள் பாவமாகக் கருதவில்லை என்பதேனும் அவளுக்குத் தெரிந்திருக்கும். அவள் இன்று எங்கிருக்கிறாள் என்று நாம் அறியோம். அவளைப் போன்ற இன்னொருத்தி வரும் ஞாயிறு நம் கூட்டத்தில் எழுந்து நிற்பாள். அவளுக்கு என்ன சொல்லப் போகிறோம்?