காளான் தூளும் கிளினிக் திகதியும்

மழை விட்ட பின்னர், வெட்டிப்போட்ட மாமரக் கட்டைகளில் சிறிய வெண்விசிறிகளைப் போல ஒரு காளான் அடர்ந்து முளைப்பதுண்டு. அதன் அடிப்புற மடிப்புகள் நீளவாக்கில் பிளந்திருக்கும். எமது கிராமங்களில் பலரும் திரும்பிப் பாராத இக்காளானிலிருந்தே யப்பானிய விஞ்ஞானிகள் ‘சைசோபிலன்’ என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். ஷிடாக்கே காளானிலுள்ள ‘லென்டினன்’ பற்றிய ஆய்வைக் கோரோ சிஹாரா குழுவினர் 1969இல் வெளியிட்டனர். 1985இல் அது இரைப்பைப் புற்றுநோய்க்கான ஊசிமருந்தாக அங்கே அனுமதி பெற்றது.

இவை இரண்டும் பீற்றா குளுக்கான் வகையைச் சேர்ந்தவை. காளானின் கலச்சுவரில் உள்ளவை. மனித உடல் இவற்றை ஆக்குவதில்லை. ஆகவே எமது வெண்குருதிக் கலங்கள் இவற்றை அந்நியப் பொருளென இனங்கண்டு விழிப்படைகின்றன. காவலாளியைத் தட்டியெழுப்புவது போன்றதே இது. அதனாற்றான் யப்பானிய வைத்தியர்கள் லென்டினனைத் தனித்துக் கொடுக்காமல், புற்றுநோய் மருந்துகளுடன் சேர்த்தே கொடுத்தார்கள்.

இந்த முக்கியமான பாதியை மறைத்துவிட்டு, மறுபாதியை டின்களில் அடைத்து விற்கிறார்கள். ‘எதிர்ப்புச் சக்தி கூடும், புற்றுநோய் கரையும்’ என்கிறார்கள். வாங்குவோர் பெரும்பாலும் நாட்கூலிக் குடும்பங்கள். அதை நம்பி மகரகமவுக்கோ தெல்லிப்பழைக்கோ கிளினிக் போவதை நிறுத்திவிட்டவர்களை, நோயில் பூசுதல் வழங்கச் சென்ற வீடுகளில் நான் சந்தித்திருக்கிறேன். இதை வெறும் வியாபாரம் என்று விட்டுவிட என்னால் முடியவில்லை. சிறுநீரக மாற்றுச் சிகிச்சை பெற்றவருக்கோ எதிர்ப்புச் சக்தியை மருந்தால் வேண்டுமென்றே அடக்கி வைத்திருக்கிறார்கள்; அவர் அதைக் கூட்டப் பார்ப்பது ஆபத்து.

காசில்லாதவர் காட்டில் பறிக்கலாமே என்பாரும் உளர். சில நச்சுக் காளான்களின் நஞ்சு அவித்தாலும் அழியாது. உண்டு ஆறு மணித்தியாலத்திற்குப் பின்னரே வாந்தி தொடங்கும்; இடையில் சுகமானது போலத் தோன்றும்; அதன்பின் ஈரல் செயலிழக்கும். வெள்ளிக்காசு போட்டுப் பார்க்கும் பரீட்சையில் எவ்வித உண்மையும் இல்லை.

பீற்றா குளுக்கான் சிப்பிக் காளானிலும் உண்டு, கறியாக்கினாலும் அழிந்துபோவதில்லை. அதை மருந்தென்று சொல்ல மாட்டேன், நல்ல உணவு என்பேன். வைக்கோலை ஊறவைத்து, கொதிநீரில் அவித்து, ஈரம் வடித்து, வித்துடன் பொலித்தீன் பையில் அடைத்து நிழலான கொட்டிலில் தொங்கவிட்டால் சில வாரங்களில் முளைக்கும். போகம் முடிந்ததும் வைக்கோலை வயலிலேயே கொளுத்திவிடுகிறோம். எமது மாதர் சங்கங்கள் அடுத்த அறுவடைக்கு முன்னரே விவசாயப் போதனாசிரியரிடம் வித்துக்குச் சொல்லி வைப்பது நல்லது.