வேலிக்காத்தானுக்கு ஒரு புது வேலை!

ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் பால்கோவா, ராஜபாளையம் என்றால் நாய் என்று உடனே சொல்லிவிடுவீர்கள். இந்த இரண்டு ஊர்ப் பக்கமும் மலையடிவாரத்தில் தென்னையும் மாந்தோப்புமாகப் பச்சைப் பசேல் என்று இருக்கும். ஆனால், கிழக்கே கொஞ்ச தூரம் போய்ப் பாருங்கள். வறண்ட கண்மாய், ஓடைக்கரை, தரிசு நிலம்... எங்கு பார்த்தாலும் ஒரே முள் மரம். அதுதான் சீமைக் கருவேலம். வேலிக்காத்தான் என்றும் சொல்வார்கள்.

பெயரிலேயே 'சீமை' இருக்கிறது பார்த்தீர்களா? மெக்ஸிகோ, தென் அமெரிக்கா பக்கத்து மரம் இது. வெள்ளைக்காரர் ஆட்சியில், 1870களில் இந்தியாவுக்கு வந்தது. மழை குறைந்த ஊர்களில் அடுப்பெரிக்க விறகு வேண்டும், வயலுக்கு வேலி வேண்டும் என்று பிறகு நாமே விதை தூவி வளர்த்தோம். அதன் காயை ஆடு ஆசையாகத் தின்னும். விதை புழுக்கையோடு வேறு இடத்தில் விழுந்து முளைக்கும். வெட்டினாலோ, அடிக்கட்டையிலிருந்து நாலைந்து கிளையாகத் துளிர்க்கும்! கண்மாய்க்குள் புகுந்தால், வரத்துக் கால்வாயை அடைத்துக்கொள்ளும். காற்றில் இருக்கும் ஈரத்தையே உறிஞ்சிவிடும் என்று சிலர் சொல்வதை மட்டும் நம்பாதீர்கள். நிலத்துக்குள் அதன் வேர் செய்கிற வேலையே போதும்!

2017-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இந்த மரங்களை அகற்றச் சொன்னது. பள்ளி, கல்லூரி மாணவர்கள்கூட மண்வெட்டியோடு கிளம்பினார்கள். அதே ஆண்டில், முதலில் நன்றாக ஆராய வேண்டும் என்று அந்த உத்தரவுக்குத் தடையும் வந்தது. 2022-ல் தமிழக அரசு, ஊடுருவும் அந்நியத் தாவரங்களுக்கென்று தனிக் கொள்கையே வெளியிட்டது.

ஒரே அடியாக வெட்டிப் போட்டுவிட்டால் என்ன? அங்கேதான் சிக்கல். ராமநாதபுரம், விருதுநகர் பக்கம் பல குடும்பங்களுக்கு இந்த மரம்தான் சோறு போடுகிறது. விறகை அடுக்கி, மண் பூசி, கரிமூட்டம் போட்டு, மூட்டை மூட்டையாக விற்கிறார்கள். மழை பொய்த்து வயல் காய்ந்த வருஷங்களில் கைகொடுத்தது இந்தக் கரிதான்.

இப்போது அந்தக் கரிக்கு ஒரு தம்பி வந்திருக்கிறான். பெயர் உயிர்க்கரி, 'பயோசார்' என்றும் சொல்கிறார்கள். அண்ணன் அடுப்புக்குப் போவான், தம்பி மண்ணுக்குள் போவான். அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால், அது பெரிய வித்தியாசம்!

ஒரு சின்னக் கணக்கு போடுவோமா? 100 கிலோ காய்ந்த விறகில் ஏறக்குறைய பாதி, அதாவது 50 கிலோ கார்பன். மரம் வளரும்போது காற்றிலிருந்து எடுத்தது அது. விறகை முழுசாக எரித்தால், அந்தக் கார்பனோடு ஆக்ஸிஜன் சேர்ந்து சுமார் 180 கிலோ கார்பன்-டை-ஆக்ஸைடாகத் திரும்பக் காற்றுக்கே போய்விடும். பூமியைச் சூடாக்குவது இந்த வாயுதான். அதே விறகைக் காற்று அதிகம் படாமல் கரியாக்கினால், 25 முதல் 30 கிலோ கரி கிடைக்கும். விறகில் இருந்த கார்பனில் ஏறக்குறைய பாதி அதற்குள் மாட்டிக்கொள்ளும். கரியை எரிக்காமல் மண்ணில் போட்டால், அதில் பெரும்பகுதி நூற்றுக்கணக்கான ஆண்டுகள் அங்கேயே கிடக்கும். அமேசான் காட்டில் பழங்குடி மக்கள் 1,000, 2,000 ஆண்டுகளுக்கு முன்பு கரியும் குப்பையும் சேர்த்து உருவாக்கிய கறுப்பு மண் இன்றும் வளமாகவே இருக்கிறது.

செய்வதற்குப் பெரிய மெஷின் வேண்டாம். புனல் மாதிரி ஒரு குழி போதும். அடியில் தீ மூட்டி, மேலே சாம்பல் பூக்க ஆரம்பித்ததும் அடுத்த அடுக்கு விறகு, அப்புறம் அடுத்த அடுக்கு... மேலே எரியும் தீ, காற்றை உள்ளே விடாது; வரும் புகையையும் தின்றுவிடும். குழி நிறைந்ததும் தண்ணீர் ஊற்றி அணைக்க வேண்டும். (இது பெரியவர்கள் வேலை, குட்டீஸ். நீங்கள் பக்கத்தில் போகவே கூடாது!)

கரியை அப்படியே வயலில் கொட்டினால், பயிருக்குப் போக வேண்டிய தழைச்சத்தை முதலில் அதுவே பிடித்துக்கொள்ளும். அதனால் சாணிக் கரைசலில் ஊறவைத்தோ, எருக்குப்பையில் கலந்து சில வாரம் வைத்தோ போடுகிறார்கள். அதன் நுண்ணிய துளைகளில் தண்ணீரும் சத்தும் தங்கும். மணல்சாரியான, புளிப்புத்தன்மை உள்ள மண்ணுக்கு ரொம்ப நல்லது. கரிசல் மண் ஏற்கெனவே காரத்தன்மை உள்ளது, உயிர்க்கரியும் காரம். அங்கே மண்ணைச் சோதிக்காமல் கொட்டினால் பணம்தான் வீண்.

சீமைக் கருவேலம் மட்டுமல்ல. பருத்திமார், தென்னை மட்டை, கரும்புச் சோகை என்று வயலோரம் வைத்துக் கொளுத்தப்படுகிற எதையும் கரியாக்கலாம். வைக்கோலை மட்டும் தொடாதீர்கள், அது மாட்டின் சாப்பாடு! மலைக்காட்டிலும் உண்ணிச்செடி என்ற அந்நியச் செடி புதர் புதராக மண்டி, மான்கள் மேயும் புல்லை வளரவிடாமல் செய்கிறது. ஆனால், ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை 2021-ல் புலிகள் காப்பகம் ஆகிவிட்டது. அங்கே ஒரு குச்சியை எடுக்கவும் வனத்துறை அனுமதி வேண்டும்.

இதில் இப்போது பெரிய பணமும் வந்திருக்கிறது. இந்தியப் பண்ணைக் கழிவுகளை உயிர்க்கரியாக்கி, 2030-க்குள் 1 லட்சம் டன் கார்பன்-டை-ஆக்ஸைடை மண்ணில் பூட்டிவைக்க, வராஹா என்ற இந்திய நிறுவனத்தோடு கூகுள் 2025 ஜனவரியில் ஒப்பந்தம் போட்டது. தான் வெளியிடும் வாயுவுக்கு ஈடாக, வேறொருவர் பூட்டிவைப்பதற்குக் காசு கொடுப்பதுதான் இந்த வியாபாரம்.

சந்தோஷமான செய்திதான். ஆனால், எனக்கு ஒரு சந்தேகம். ஒழிக்க வேண்டிய மரத்துக்கு நல்ல விலை வந்துவிட்டால், யாராவது அதை ஒழிப்பார்களா? மேலே வெட்டி விற்றுவிட்டு, அடிக்கட்டையை அடுத்த அறுவடைக்கு விட்டுவைக்க மாட்டார்களா? வேரோடு தோண்டினாலும் வேலை முடியாது. மண்ணில் கிடக்கும் விதைகள் ஒவ்வொரு மழைக்கும் முளைக்கும். சில வருஷமாவது ஆள் வைத்துக் கன்றுகளைப் பிடுங்க வேண்டும். அந்த இடத்தில் நம் ஊர் வேம்போ புங்கமோ நட வேண்டும். அந்தக் கூலி கரி விற்ற காசிலிருந்து ஊராட்சிக்கு வருமா, முள் குத்தக் குத்த வெட்டியவருக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதையெல்லாம் ஒப்பந்தம் போடும் அன்றே எழுதிக்கொள்ள வேண்டும்.